எந்த இன்ஜினியருடா நீ, பேராண்டி?

வாடா பேராண்டி, இப்பிடித் திண்ணையில ஒக்காரு. போனை அங்கிட்டு வையி. வாசக் கேட்டுல மாட்டுறதுக்குப் போர்டு எழுதக் குடுத்திருக்கியாமுல்ல? பெயிண்டர் டீக்கடையில சொல்லிக்கிட்டு இருந்தான். ஒம்பேருக்கு மேல ‘இன்ஜினியர்’னு செவப்பு எழுத்தாம், சுத்தி மஞ்சப் பார்டராம். நல்லது. ஒங்கப்பன் நாலு வருசம் பீஸு கட்டியிருக்கான், நாலடிக்காவது போர்டு வேணுமில்ல. ஆனா எந்த இன்ஜினியருன்னு எழுதச் சொன்னியா? சொல்லலையா? அப்ப நீ தொலைஞ்ச.

என்ன நடக்கும்னு இப்பவே சொல்லிப்புடுறேன். போர்டு மாட்டுன மறுநா வெள்ளனா மேலத்தெருப் பெரியப்பன் தோட்டத்து மோட்டாரைக் கழட்டி, வண்டியில வச்சுக் கொண்டாந்து வாசல்ல எறக்கிருவாரு. அவருக்கு இன்ஜினியருன்னா காயில் கட்டுறவன். அவரு கெளம்புறதுக்குள்ள ஒங்க அத்தை வந்துரும்: “மாடி எடுக்கணும்ப்பா, பிளான் போட்டு பஞ்சாயத்துல அப்ரூவல் வாங்கிக் குடு.” அதுக்கு இன்ஜினியருன்னா கையெழுத்துப் போடுறவன். பொழுது சாயுறப்ப ஒருத்தன் மிக்ஸியோட வருவான், இன்னொருத்தன் வாட்ஸப் நின்னுபோன போனோட வருவான். எல்லாருக்கும் நீ ஒரே பதிலைத்தேன் வச்சிருப்ப: “நான் மெக்கானிக்கலு, ஆனா கம்ப்யூட்டர் கம்பெனிக்கு டிரை பண்ணிக்கிட்டு இருக்கேன்.” மெக்கானிக்கல்னா மோட்டாரு தெரியணுமேப்பான்னு பெரியப்பன் கேப்பாரு. நீ என்னையத் திரும்பிப் பாப்ப. நான் பாட்டுக்கு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருப்பேன்.

ஒன்னைய மட்டும் நக்கல் பண்ணலைடா. ஒலகம் பூராவும் இந்தக் கூத்துதேன்.

அமெரிக்காவுல போயி நான் இன்ஜினியருன்னு சொல்லிப் பாரு. கொஞ்சம் வயசான ஆளா இருந்தா, எந்த ரயிலுன்னு கேட்டாலும் கேப்பாரு. அங்க ரயில் ஓட்டுறவருக்கும் அந்தப் பேருதேன். 1863லயே அவிங்க சங்கம் வச்சுட்டாய்ங்க, இன்னமும் ஓடிக்கிட்டு இருக்கு. கேஸி ஜோன்ஸ்னு ஒரு ரயில் இன்ஜினியரு. 1900 ஏப்ரல் 30, விடியறதுக்கு முன்னாடி, மிசிசிப்பி மாநிலத்துல வண்டியை வெரட்டிக்கிட்டு வர்றாரு. மெம்பிஸுல லேட்டாக் கெளம்புன வண்டி, எப்பிடியாச்சும் நேரத்தைப் பிடிச்சுப்புடணும்னு வெறி. முன்னால சரக்கு வண்டியோட பெட்டிக மெயின் லைன்ல நீட்டிக்கிட்டு நிக்குது. கரி அள்ளிப் போடுற சிம் வெப் பாத்துட்டுக் கத்துறாரு. நீ குதின்னுட்டாரு ஜோன்ஸு. அவரு குதிச்சுப் பொழைச்சாரு. இவரு பிரேக்கை விடவே இல்ல. மோதுனதுல செத்தது இவரு ஒருத்தருதேன். பின்னால தூங்கிக்கிட்டு வந்த சனம் தப்பிச்சுருச்சு. ரயில் கம்பெனி விசாரணை வச்சு, தப்பு ஜோன்ஸு மேலதேன்னு எழுதிருச்சு. ஊரு பாட்டுக் கட்டிருச்சு. விசாரணை ரிப்போர்ட்டை எவனாச்சும் பாடுறானா?

நம்ம ஊர்ல ரயில் ஓட்டுறவரு டிரைவரு. இப்ப லோகோ பைலட்டு. ஏரோப்பிளேன்காரன் பேரை இவருக்கு மாட்டியாச்சு. இன்ஜினுக்குள்ள நிக்கிறவரு இன்ஜினியரு இல்ல. வண்டியில ஏறாம தண்டவாளத்துல டிராலியில போறாரே, நாலு பேரு தள்ளிக்கிட்டு ஓடுவாய்ங்கள்ல, அதுல ஒக்காந்து குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டே வர்றவருதேன் நம்ம ரயில்வே இன்ஜினியரு. முன்னாடி பி.டபிள்யூ.ஐ. ஐயாம்போம். இப்ப சீனியர் செக்சன் இன்ஜினியராம். பேரு நீண்டுருச்சு, வெயிலு அதே வெயிலுதேன். சிக்னலுக்குத் தனி இன்ஜினியரு, மேல போற கரண்டு கம்பிக்குத் தனி, பாலத்துக்குத் தனி, பெரம்பூர்ல பெட்டி செய்யிறவரு தனி, பொன்மலைப் பட்டறையில இன்ஜினைப் பிரிச்சுப் போட்டு மாட்டுறவரு தனி. இத்தனை பேருக்கும் கீழ கீமேன்னு ஒருத்தரு இருக்காரு பாரு, அவரைக் கவனி. தோள்ல ஸ்பானரு, கையில சுத்தியலு, செவப்புக் கொடி, பச்சைக் கொடி. நாளு தவறாம தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பாக்கணும். சித்திரை வெயில்ல தண்டவாளம் நீண்டு நெளியும். மார்கழிப் பனியில சுருங்கி வெடிப்பு விடும். அதைக் கண்டுபிடிச்சு, வண்டி வர்றதுக்குள்ள செவப்புக் கொடியை நட்டு நிப்பாட்டுறவரு அவரு. சம்பளப் பட்டியல்ல அவரை இன்ஜினியருன்னு எழுதுறதில்ல. அவரு கேட்டுல போர்டும் இல்ல.

நம்ம போடி லைனையே எடுத்துக்க. மதுரையிலருந்து போடிக்கு ரயில் வந்தது 1928ல. ரெண்டாம் ஒலகப்போர்ல தண்டவாளத்தைப் பேத்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாய்ங்க, பட்டாளத்துச் சோலிக்கு இரும்பு வேணும்னு. சண்டை முடிஞ்சு வருசங்கழிச்சுத் திரும்பப் போட்டாய்ங்க. அப்புறம் அகலப் பாதை ஆக்குறோம்னு 2010 கடைசியோட நிப்பாட்டுனாய்ங்க. தேனிக்கு வண்டி வந்தது 2022ல. போடிக்கு 2023ல. மீட்டர் கேஜுன்னா ஆயிரம் மில்லிமீட்டரு, பிராட் கேஜுன்னா 1,676. வித்தியாசம் 676 மில்லிமீட்டர், என் கைத்தடி நீளங்கூட இல்ல. அந்தத் தூரத்தை நகர்றதுக்குப் பன்னெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒனக்கு மெக்கானிக்கல்ல வேகம்னு பாடம் இருக்குமே, இதைக் கணக்குப் போட்டுப் பாரு. நத்தை கோவிச்சுக்கும்.

ஆனா அதே ரயில்வேயிலதேன் இன்னொன்னும் நடந்துச்சு. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடி போச்சு, அங்க போன பாசஞ்சர் வண்டி சனத்தோட போச்சு, பாம்பன் பாலத்துக் கர்டருகள்ல முக்காவாசி கடலுக்குள்ள போச்சு. தூணுக மட்டும் வரிசையா நிக்குது. ரயில்வே ஆறு மாசம் கெடு வச்சுச்சு. மேலதிகாரி ஒருத்தரு, இல்ல, மூணே மாசம்னுட்டாரு. அந்த வேலை 32 வயசு ஸ்ரீதரன் தலையில விழுந்துச்சு, பின்னால மெட்ரோ கட்டுனாரே அவருதேன். புதுக் கர்டரு செஞ்சு கொண்டாரணும்னா மாசக்கணக்குல ஆகும். காணாமப் போன கர்டரு கடலுக்கடியில கெடக்குன்னு மீனவங்க கண்டு சொன்னாய்ங்க. அதையே தூக்கி, திரும்பத் தூணு மேல வச்சு, 46 நாள்ல வண்டியை விட்டாரு. இதுல பாலத்தைப் பத்திப் படிச்சவரு ஸ்ரீதரன். கடலைப் பத்திப் படிச்சவங்க யாருன்னு நெனைச்சுக்க. அவிங்க சொன்னதைக் காதுல வாங்குனாரு பாரு, அதுக்கு எந்தக் காலேஜிலயும் பேப்பர் இல்ல. அந்தப் பழைய பாலத்துல கப்பல் வந்தா நடுவுல தூக்கணுமில்ல, ஆளுக நின்னு கையால லீவரைச் சுத்தித்தேன் தூக்குவாய்ங்க. 1914லருந்து அப்பிடித்தேன். 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்பிடியே செங்குத்தா மேல போகுது, மோட்டாருல. போயிப் பாத்துட்டு வா. செல்பி எடுக்குறப்ப முதுகைக் கடலுக்குக் காட்டாத, பாலத்தைப் பாரு.

இப்பப் பட்டாளத்துக்கு வருவோம். நீ சிரிக்காத. நானும் இன்ஜினியருதேன்.

நெசமாத்தேன்டா. நான் படிச்சது எட்டாங்கிளாஸு. சேந்தது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பு, பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம். ஒங்கப்பத்தாவைப் பொண்ணு கேட்டுப் போனப்ப, மாப்ள பட்டாளத்துல இன்ஜினியர் ரெஜிமென்டுன்னு எங்கய்யா ஒரு வார்த்தை விட்டாரு. ஒங்கப்பத்தா வீட்டுல அதுல பின்பாதியைக் காதுல வாங்கலை. கோட்டு சூட்டுப் போட்டு மேசையில படம் வரையுறவன்னு நெனைச்சுப் பொண்ணைக் குடுத்துட்டாய்ங்க. நான் அங்க குழி வெட்டிக்கிட்டு இருந்தேன். அந்தக் கோவம் ஒங்கப்பத்தாவுக்கு இன்னைக்கு வரைக்கும் ரசத்துல தெரியும்.

எங்க குரூப்பு 1780ல மெட்ராஸ் கோட்டையில ரெண்டு கம்பெனியா ஆரம்பிச்சது. பட்டாளத்துல எங்களுக்குப் பேரே ‘தம்பி’தேன். பஞ்சாபி ஆபீசரும் தம்பிம்பாரு. பட்டாளத்து இன்ஜினியருன்னா என்ன சோலின்னு கேக்குறியா? முன்னேறுறப்ப காலாட்படைக்கும் முன்னால போகணும், கண்ணிவெடி எடுக்க, ஆத்துல பாலம் போட. பின்வாங்குறப்ப எல்லாருக்கும் கடைசியா வரணும், போட்ட பாலத்தை நாமளே வெடி வச்சு ஒடைச்சுட்டு. ஊருக்குள்ள பாலம் ஒடைஞ்சா இன்ஜினியரு மேல கேசு. அங்க ஒடையலைன்னாத்தேன் கேசு.

பெய்லி பாலம்னு கேள்விப்பட்டிருக்கியா? டொனால்ட் பெய்லிங்கிற இங்கிலாந்துக்காரரு ரெண்டாம் ஒலகப்போருக்காக வடிவமைச்சது. இரும்புச் சட்டம் ஒண்ணு பத்தடி நீளம், சுமாரு 260 கிலோ. ஆறு பேரு தூக்கணும். கிரேன் வேணாம், வெல்டிங் வேணாம். சட்டத்தோட சட்டத்தைச் சேத்து பின்னைச் சொருகிச் சுத்தியலால ஒரு அடி. ஒரு கரையிலருந்தே மாட்டி மாட்டி உருளை மேல தள்ளி அக்கரைக்கு விட்டுரலாம். முன்பக்கம் மூக்கு மாதிரி வெறுஞ்சட்டம் நீண்டுக்கிட்டே போகும், பின்பக்க எடை அதைக் கவிழாமப் பிடிச்சுக்கிரும். ரெண்டுக்கும் நடுவுல கணக்கு ஒரு இம்மி தப்புனா மொத்தமும் ஆத்துக்குள்ள. அந்தக் கணக்கைப் போடுறவரு ஆபீசரு. தோள் குடுக்குறது நாங்க. தோள்ல காப்புக் காச்சிருக்கு பாரு, தொட்டுப் பாரு. இதுதேன் என் டிகிரி சர்டிபிகேட்டு.

பழங்கதைன்னு நெனைக்காத. 2024 ஜூலை 30 வயநாட்டுல மலை சரிஞ்சு சூரல்மலையும் முண்டக்கையும் ரெண்டாப் போச்சுல்ல, அப்ப அங்க பாலம் போட்டது யாருங்கிற? எங்க தம்பிகதேன். 190 அடி பெய்லி, 24 டன் தாங்கும். மறுநா ராத்திரி ஆரம்பிச்சு, ஆகஸ்டு 1 சாயங்காலம் வண்டி போயிருச்சு. மழை விடலை, ஆத்துல தண்ணி விடலை, அவிங்களும் விடலை. அங்க நின்னு வேலை வாங்குனது மேஜர் சீதா ஷெல்கேன்னு ஒரு பொண்ணு. மெக்கானிக்கல் படிச்ச பொண்ணுதேன்டா. ஒன்னைய மாதிரி.

இன்னொரு சாமான் கேளு. பெங்களூர் டார்பிடோ. 1912ல எங்க குரூப்போட இருந்த மக்ளின்டாக்குன்னு ஒரு கேப்டன் கண்டுபிடிச்சது. நீளக் கொழாய்க்குள்ள வெடிமருந்து. ஒண்ணோட ஒண்ணு மாட்டி, தரையோட தரையா முள்ளுக்கம்பி வேலிக்கடியில தள்ளிக் கொளுத்துனா வேலி பிஞ்சு பாதை விட்டுரும். 1944ல பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையில அமெரிக்காக்காரன் எறங்குனான்ல, ஒமாகாவுல, அங்க வேலியைப் பிளந்ததும் இதேதேன். பெங்களூருன்னா ஒங்களுக்குக் கம்ப்யூட்டரு. எங்களுக்குக் கொழாயி.

அதே 1944ல, ஜூன் 24, இத்தாலியில மின்யானோங்கிற எடத்துல எங்க சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடி எடுக்குற கூட்டத்தைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. காஞ்சிபுரம் பக்கத்து ஆளு. கூட வந்தவங்க பக்கத்துல வெடி ஒண்ணு கெளம்பிருச்சு. அது வெடிக்கிறதுக்குச் சில விநாடிதேன் இருக்குன்னு அவருக்குத் தெரியும். ஓடலாம். ஓடலை, அது மேலயே விழுந்தாரு. மத்தவங்க பொழைச்சாய்ங்க. ஜார்ஜ் கிராஸ் பதக்கம் குடுத்தாய்ங்க. அவரும் இன்ஜினியருதேன். இந்த ஒண்ணை மட்டும் நான் நக்கலாச் சொல்ல மாட்டேன், நீயும் போனை நோண்டாமக் கேளு.

பட்டாளத்துலயே இ.எம்.இ.ன்னு வேற கூட்டம் உண்டு. வண்டி, பீரங்கி, ரேடார் ரிப்பேரு. அவிங்களும் இன்ஜினியருதேன். எம்.இ.எஸ்.னு ஒண்ணு, குவார்ட்டர்ஸ் கட்டும். பி.ஆர்.ஓ.ன்னு ஒண்ணு, 1960லருந்து இமயமலையில ரோடு போடுது. ரயில்வே ஆளுகளையே சேத்து டெரிடோரியல் ஆர்மிக்குள்ள ஒரு பட்டாளமும் வச்சிருந்தாய்ங்க. 1974ல ரயில் வேலைநிறுத்தம் நடந்தப்ப அவிங்களைக் கூப்பிட்டு வண்டி ஓட்ட விட்டாய்ங்க. போர்டு எழுதுறவன் பாவம்டா.

நம்ம கம்பம் பள்ளத்தாக்குல ஒக்காந்துக்கிட்டு பென்னிகுயிக் ஐயாவைச் சொல்லாம விட்டா, குடிச்ச தண்ணி செரிக்காது. கர்னல் பென்னிகுயிக்கு. பட்டாளத்து இன்ஜினியரு. மேற்க போயி அரபிக்கடல்ல விழுந்துக்கிட்டு இருந்த பெரியாத்தை மறிச்சு, மலையைக் கொடைஞ்சு சுரங்கம் விட்டு, கெழக்க நம்ம வைகைப் பக்கம் திருப்பி விட்டாரு. 1887ல ஆரம்பிச்சு 1895ல முடிஞ்சது. இதுல வேடிக்கை என்னன்னா, 1808லயே கால்டுவெல்னு ஒரு கேப்டன் வந்து மலையைச் சுத்திப் பாத்துட்டு, இது நடக்காத கனவுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அவரும் மெட்ராஸ் இன்ஜினியருதேன். ஒரே உடுப்பு, ஒரே படிப்பு. நடக்காதுன்னு சொன்னவரு பேரைச் சொல்லு பாப்போம்னா நம்ம ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. நடத்திக் காட்டுனவரு படத்துக்குத் தைப் பொங்கல் அன்னைக்கு மாலை போடுறோம், பிள்ளைக்கு அவரு பேரை வைக்கிறோம். அந்த வெள்ளைக்காரரு பேரை நம்ம தாய்மாருக கூப்பிடுறதை அவரு கேட்டா, யாரைக் கூப்பிடுறாய்ங்கன்னு திரும்பிப் பாக்க மாட்டாரு, அது வேற விசயம்.

மொதல்ல கட்டுன தடுப்பையெல்லாம் வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போச்சு. காட்டுக் காய்ச்சல்ல ஆளுக கொத்துக் கொத்தாச் செத்தாய்ங்க. செத்தவங்களுக்கு அங்கயே மலைக்குள்ள கல்லறை இருக்கு. சுண்ணாம்பும் சுர்க்கியும் வச்சுக் கட்டுன அணை. அதைப் பத்தி ரெண்டு மாநிலமும் கோர்ட்டுல பேசிக்கிட்டு இருக்கு, நான் திண்ணையில பேசித் தீர்ப்புச் சொன்னா நல்லா இருக்காது.

அந்தக் காலத்துல இன்ஜினியருன்னாலே பட்டாளத்துக்காரன்தேன். கோட்டை கட்டுறவன், கோட்டையை ஒடைக்கிறவன். இங்கிலாந்துல ஜான் ஸ்மீட்டன்னு ஒருத்தரு, எடிஸ்டோன் பாறையில கலங்கரை விளக்கம் கட்டுனவரு, நான் பட்டாளத்தான் இல்லப்பா, சிவிலுன்னு தனக்குத் தானே பேரு வச்சுக்கிட்டாரு. சிவில் இன்ஜினியருன்னா சண்டைக்குப் போகாத இன்ஜினியரு, அம்புட்டுத்தேன். நம்ம ஊரு சிவில் இன்ஜினியருக காண்டிராக்டர்கிட்ட போடுற சண்டையைப் பாத்திருந்தா அவரு வேற பேரு யோசிச்சிருப்பாரு.

படிக்காதவனும் இன்ஜினியருன்னு நான் சொன்னப்ப நீ ஒதட்டைப் பிதுக்குன, பாத்தேன். ஜார்ஜ் ஸ்டீவன்சனை எங்க வைப்ப? நெலக்கரிச் சுரங்கத்து ஆளு பிள்ளை. பதினெட்டு வயசு வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவரு போட்ட லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதை 1830ல ஓடுச்சு. அதுக்கு முன்னாடி 1825ல பார்லிமென்ட் கமிட்டியில வக்கீலுக அவரைக் கேள்வி கேட்டே கூனிக் குறுக வச்சாய்ங்க. சர்வே கணக்குலயும் தப்பு இருந்துச்சு, மசோதா தோத்துருச்சு. அந்த மனுசன்தேன் 1847ல மெக்கானிக்கல் இன்ஜினியருக சங்கத்துக்கு மொத தலைவரு. நீ படிச்சியே மெக்கானிக்கலு, அந்தச் சாதிக்கு மொதத் தலைவரு ராப்பள்ளிக்கூடத்துல எழுத்துக் கூட்டுனவரு. அதுக்காகப் படிப்பு வேணாம்னு சொல்ல வரலை. கணக்குத் தப்பா இருந்தா எந்தக் கொம்பன் கட்டுனாலும் விழும். அதைத்தேன் அடுத்துச் சொல்லப் போறேன், அந்தச் செம்பைக் கொஞ்சம் எடு.

கனடாவுல குவிபெக்னு ஒரு ஊரு. செயின்ட் லாரன்ஸ் ஆத்துக்கு மேல ரயில் பாலம் கட்டுனாய்ங்க. ஆலோசனை இன்ஜினியரு தியோடர் கூப்பரு, அமெரிக்காவுல பெரிய கை. தூணுக்குத் தூணு 1,600 அடின்னு இருந்ததை அவரே 1,800 அடின்னு நீட்டுனாரு. ஒலகத்துலயே பெரிசா ஆயிரும்ல. நீளம் கூடுனா பாலத்தோட சொந்த எடையும் கூடுமில்ல? அதைச் சரியா திரும்பக் கணக்குப் பாக்காமயே வேலை ஓடுச்சு. கூப்பரு நியூயார்க்குல இருந்துக்கிட்டே எல்லா வரைபடத்துக்கும் சரின்னு சொல்லுவாரு. ஒடம்பு முடியலைன்னு, இரும்பு வேலை நடந்த காலத்துல ஒரு தடவைகூட அந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை.

1907 ஆகஸ்டு. கீழ்ப்பக்கத்துச் சட்டம் ஒண்ணு வளையுது. முக்கா இஞ்சு வளைஞ்சிருந்தது ஒரு வாரத்துல ரெண்டேகால் இஞ்சாயிருச்சு. ரிவெட் அடிக்கிறவன் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. ஓட்டைக்கு ஓட்டை நேரா வராதப்பவே அவனுக்குத் தெரிஞ்சுபோகும். சட்டம் பட்டறையிலருந்து வர்றப்பவே வளைஞ்சிருக்கும்னு பெரிய ஆளுக ஒருத்தருக்கொருத்தர் லெட்டர் போட்டுக்கிட்டாய்ங்க. நார்மன் மக்லூர்னு சைட்டுல இருந்த சின்ன இன்ஜினியரு ரயிலேறி நியூயார்க்குக்கு ஓடுனாரு. ஆகஸ்டு 29 மத்தியானம் கூப்பரு தந்தி அடிச்சாரு: இனிமே எடை ஏத்தாதீங்க. எங்க அடிச்சாரு தெரியுமா? பாலத்துக்கு இல்ல. பாலக் கம்பெனியோட பென்சில்வேனியா ஆபீசுக்கு. அங்க இருந்தவங்க காலையில பேசி முடிவு பண்ணுவோம்னு விட்டுட்டாய்ங்க. சாயங்காலம், அன்னைக்கு வேலை முடியப்போற நேரம், பாலம் அப்பிடியே ஆத்துல ஒக்காந்துருச்சு. 86 பேரு மேல நின்னாய்ங்க. 75 பேரு போயிட்டாய்ங்க. அதுல 33 பேரு மோஹாக் பூர்வகுடி ஆளுக, ஒரே ஊரு. அந்த ஊர்ல அன்னைக்கு எத்தனை வீட்டுல ஒப்பாரின்னு நெனைச்சுப் பாரு.

திரும்பவும் கட்டுனாய்ங்க. 1916ல நடுத்துண்டைத் தூக்குறப்ப அது விழுந்து இன்னொரு 13 பேரு. 1917லதேன் முடிஞ்சது. இன்னைக்கும் அந்தப் பாலத்துல ரயில் போகுது, கேன்டிலீவர் வகைப் பாலத்துல தூணுக்குத் தூணு அதுக்கு மேல நீளம் எங்கயும் இல்ல.

அந்த நாட்டுல இன்ஜினியரு படிச்சு முடிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சடங்கு வச்சிருக்காய்ங்க, 1925லருந்து. ரொம்ப வருசம் வெளியாளைச் சேக்காமத்தேன் நடத்துனாய்ங்க. சடங்குக்கு வார்த்தை எழுதிக் குடுத்தது கிப்ளிங்கு, ஜங்கிள் புக் எழுதுனவரு. உறுதிமொழி எடுத்துக்கிட்டு, வேலை செய்யிற கையோட சுண்டுவெரல்ல இரும்பு மோதிரம் போட்டுக்கிருவாய்ங்க. விழுந்த பாலத்து இரும்புல செஞ்ச மோதிரம்னு ஒரு பேச்சு சுத்தும், அது கட்டுக்கதை. ஆனா ஏன் சுண்டுவெரல்லன்னா, வரையுறப்ப, எழுதுறப்ப, கையெழுத்துப் போடுறப்ப அது காயிதத்துல ஒரசிக்கிட்டே இருக்கும்.

நம்ம ஊர்ல இன்ஜினியருக்கு மோதிரம் உண்டு. மாமனாரு போடுவாரு. பவுனு. எத்தனை பவுனுன்னுதேன் பேச்சு நடக்கும், எந்த இன்ஜினியருன்னு ஒரு பய கேக்க மாட்டான். தரகர் போன வாரம் வந்திருந்தாரு. பையன் இன்ஜினியருதானேன்னாரு. ஆமான்னேன். என்ன வேலைன்னாரு. அதைத்தேன் நாங்களும் தேடிக்கிட்டு இருக்கோம்னேன். மனுசன் காப்பியைக்கூட முடிக்காமக் கெளம்பிட்டாரு. கோவிக்காத, வேற தரகர் இருக்காரு.

கப்பல் வேலைக்குப் போறேன்னு ஒருக்கா சொன்ன. போ. அங்க சீப் இன்ஜினியருன்னா கேப்டனுக்குச் சமமான மரியாதை, ஆனா இருப்பு அடித்தளத்துல. டைட்டானிக் முழுகுனப்ப எல்லாரும் மேல வயலின் வாசிச்சவங்களைத்தேன் சொல்லுவாய்ங்க. கீழ இன்ஜினியருக கடைசி வரைக்கும் லைட்டு எரிய விட்டுக்கிட்டு இருந்தாய்ங்க. ஒருத்தரும் பொழைக்கலை. படத்துல அவிங்களுக்குப் பாட்டு இல்ல.

சாப்ட்வேர் இன்ஜினியரு? அதையும் கொறைச்சுச் சொல்ல மாட்டேன். நெலாவுக்கு ஆளை அனுப்புன அப்பல்லோ கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுன கூட்டத்துக்குத் தலைவி மார்கரெட் ஹாமில்டன்னு ஒரு அம்மா. நாங்க செய்யிறதும் இன்ஜினியரிங்குதேன்னு அந்தம்மா சொன்னப்ப கூட இருந்தவங்களே சிரிச்சாய்ங்களாம். 1969ல எறங்குற நேரத்துல கம்ப்யூட்டரு மூச்சு முட்டி அலாரம் அடிச்சுச்சு. முக்கியமான வேலையை மட்டும் பிடிச்சுக்கிட்டு மத்ததைக் கழட்டி விடுற மாதிரி முன்கூட்டியே எழுதி வச்சிருந்ததால பத்திரமா எறங்குனாய்ங்க. ஆனா ஒங்க ஆளுககிட்ட ஒரு வசதி இருக்குப்பா. தப்பா எழுதுனா மறுநா அப்டேட்டுன்னு அனுப்பிருவீங்க. பாம்பன் பாலத்துக்கு அப்டேட்டு அனுப்ப முடியாது.

சரி, போர்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை, குடுத்த அட்வான்ஸைப் பெயிண்டர் திருப்பித் தர மாட்டான், மாட்டிக்க. இப்ப நம்ம தோட்டத்து மோட்டாரு ஓடுது, தண்ணி ஏறலை. புட்வால்வுல எலை தழை அடைச்சிருக்கும், இல்லைன்னா வாசர் போயிருக்கும். கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கெணத்துக்குள்ள எறங்கிப் பாரு. படியில நாலாவது கல்லு ஆடும், பாத்துக் காலை வையி. பைப் ரெஞ்சு மோட்டாரு ரூம்ல ஆணியில தொங்குது. மொத மெயின் சுவிட்சை ஆப் பண்ணு, காலேஜில சொல்லிக் குடுத்தாய்ங்களோ என்னமோ. நான் வரலைப்பா, எனக்கு ஒடம்பு முடியலை, நியூயார்க்கு மாதிரி இந்த வேப்பமரத்தடியிலயே இருந்துக்கிறேன். ஏதாச்சும் வளையுதுன்னா தந்தி அடி.